சாப்பாட்டு மேசைத் தூதரகம்

"பேர் என்ன?" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டாள்.

சிரித்தால் விசா கிடைக்காது என்று கண்டித்தார். ஊறுகாய் ஜாடியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஒரு வாரமாக அமெரிக்கத் தூதரகம். செவ்வாய்க்கிழமை சென்னையில் நிஜமான நேர்காணல். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். அம்மா போயே ஆக வேண்டும்.

அவர் போகவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். விமானம் என்றாலே அவருக்குப் பயம் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மின்கட்டணம் வசூலிக்கும் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். எதிரே நிற்கிறவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபீசர் என்று ஆன பிறகு மரியாதையும் தானாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவளை 'நீங்க' என்றார்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

"பேர்?"

"சண்முகவடிவு."

"கணவர் பேர்?"

அவள் பாஸ்போர்ட்டைத் தொட்டுக் காட்டினாள். அதில் போட்டிருக்கிறதாம்.

வாயால் சொல்ல வேண்டும் என்றார். மாட்டேன் என்று தலையாட்டினாள். சரி, அதைச் சென்னையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஏனென்றால் அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள் என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அங்க போயிட்டுத் திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

அவருக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

அத்தை இங்கேயே இருந்துவிடலாமே என்று மாப்பிள்ளை போன வாரம் வீடியோவில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். அவள் சிரித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அங்கேயே தங்கிவிட்டால்? பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அவள் யோசித்தாள்.

"முருங்கை காய்க்கிற நேரம். நான் வரலேன்னா எதுத்த வீட்டுக்காரி ஒண்ணு விடாமப் பறிச்சிட்டுப் போயிருவா."

ரிஜெக்ட் என்றார்.

இரண்டாம் முறை, மார்கழியில் பிள்ளையார் கோயிலில் அவர்கள் குடும்பத்து மண்டகப்படி இருப்பதைச் சொன்னாள். அதுவும் ரிஜெக்ட். மூன்றாம் முறை புதுக் கிரைண்டருக்கு இன்னும் வாரண்டி முடியவில்லை என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் நல்ல நம்பிக்கை இருந்தது.

"வேற ஒண்ணுமே இல்லையா இந்த வீட்ல?"

தூதரக அதிகாரி இப்படிக் கத்த மாட்டார்.

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நிஜமாகவே தேடினாள். பார்வை டிவியைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, அவர் தலையில் ஒரு கணம் தங்கி, அதையும் தாண்டிப் பின்னால் போயிற்று.

"ஃபிரிட்ஜ்" என்றாள்.

அவர் தள்ளிய வேகத்தில் பாஸ்போர்ட் மேசை விளிம்பு வரை சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

அவள் அதை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எந்திரிங்க. நான் ஆபீசரா இருக்கேன். எப்படிச் சொல்லணும்னு நீங்க சொல்லிக் காட்டுங்க."

இடம் மாறினார்கள். மேசை மேல் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

"கோமதிநாயகம்!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆள் எதிரே நிற்பது தெரிந்தும் ஆபீசர் இன்னொரு தரம் கூப்பிட்டாள். ருசித்துக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டம்மா திரும்பி வருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

முருங்கை என்று ஆரம்பித்தார். அதைக் கேட்டாயிற்று என்றாள். மண்டகப்படியைப் பங்காளிகள் பார்த்துக்கொள்வார்கள். கிரைண்டர் அங்கே இல்லாததா?

"வேற?"

அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வேற ஒண்ணும் இல்லேன்னா சொல்லிருங்க. வெளிய ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

இத்தனை வருஷம் சொல்லாமலே ஓட்டிவிட்ட ஒன்றை, கடைசி வரை சொல்லாமலே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்ததை, யாரோ ஒரு வெள்ளைக்காரன் கேட்கப்போகும் கேள்விக்காகச் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

"நான் இருக்கேம்லா" என்றார், மேசை விரிப்பைப் பார்த்து.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒரு தரம் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"கேக்கல. ஆபீசர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் இருப்பாராம். சத்தமாச் சொல்லணும்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. தெருவில் கீரைக்காரி கூடையை இறக்கி வைத்திருந்தாள். அவளைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் நின்றார்கள்.

அவர் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மேசை முன்னால் நிமிர்ந்து நின்றார்.