நாக்கு நுனித் திருநீறு
வைரக்கண்ணுவின் கையில் சுற்றிய பட்டை காற்றேறி இறுகுகிறது. ஒரு நொடி அடைபட்ட ரத்தம் மறுபடி முட்டிப் பாயும் துடிப்பைத்தான் கருவி அளக்கிறது. நூற்று முப்பது. போன மாதம் நூற்று எண்பது. வீடு தேடி வந்த நர்ஸ் மேகலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "எப்பவாவது போட்ட மாத்திரையையும் நிறுத்தி ஒரு மாசமாச்சு பாப்பா. காலையில முருகன் முன்னாடி தியானம், நாக்குல துளி செட்டிகுளம் கோயில் திருநீறு. பிரஷர் ஓடிப்போச்சு!" என்று சிரிக்கிறார். தியானம் ஐந்து, பத்து குறைக்கலாம்; ஐம்பதா? அவள் பார்வை சாமி மாடத்தில் நிற்கிறது. விளக்கடியில் இரண்டு திருநீற்றுக் கிண்ணங்கள். பித்தளையிலிருப்பது மரக் கிண்ணத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. "நீயும் வாயில போட்டுக்க," என்று அவர் பித்தளைக் கிண்ணத்தை நீட்டுகிறார். அவர் மனைவி சாந்தா அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள். "அது அவருக்குங்க! நீங்க இதுல எடுத்துக்குங்க." மரக் கிண்ணத்தை நீட்டும் அவள் விரல் இடுக்கில், அப்போதுதான் நசுக்கிய மாத்திரையின் வெள்ளைத் தூள். மேகலா திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்கிறாள்: "தினம் ஒன்னுதானக்கா?" சாந்தா கணவரைப் பார்க்காமல் தலையாட்டுகிறாள். "ஒன்னே ஒன்னுதாங்க. ஒரு நாளும் தவறல." வைரக்கண்ணு பெருமையாக நிமிர்கிறார். "பக்தின்னா அப்படித்தான் இருக்கணும்!"