புரோகோபிஸ் கடை ரொட்டி

"ஓட்டு கேக்க வந்தியா, கேட்டுட்டுப் போ. என் உப்பு டப்பாவுல மட்டும் கை வைக்காத!"

புரோகோபிஸ் போட்ட சத்தத்தில், ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தூலா விடவில்லை. "அண்ணே, உப்பே வேணாம்னா சொல்றேன்? நூறு கிராம் ரொட்டிக்கு ஒண்ணேகால் கிராம் போதும்னுதானே சொல்றேன்."

"அந்த ரொட்டியை ஆஸ்பத்திரி வாசல்ல போய் வித்துக்க. இது கடை!"

நெரோமிலோஸ் ஊரில் அந்தூலாவைத் தெரியாதவர் கிடையாது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு இருபது வருஷமாக நடைப்பயிற்சி கொடுப்பவள். இப்போது மாகாண சபைத் தேர்தலில் நிற்கிறாள். மற்றவர்கள் சாலை போடுவதாகச் சொன்னார்கள். இவள் ரத்த அழுத்தத்தைப் பற்றியே பேசினாள். அதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் தரும் பணத்தை நம் மாகாணத்துக்கு வாங்கி வருவேன், ஊர் ரொட்டியில் உப்பைக் குறைக்க வைப்பேன் என்றாள்.

ஊரில் ரொட்டிக்கடை ஐந்து. மற்ற நாலு கடைக்காரர்களும் அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். "நீங்க சொன்னா சரிதாம்மா" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய போஸ்டரையும் கண்ணாடியில் ஒட்டினார்கள்.

புரோகோபிஸ் கடையில் மட்டும் போனபோதெல்லாம் வசவு.

அவளுக்கும் ரோஷம் வந்தது. ஐந்து கடை ரொட்டியையும் வாங்கி நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். "எந்தக் கடையில எவ்வளவு உப்புன்னு கடைசிக் கூட்டத்துல வாசிக்கிறேன்" என்று மைக்கிலேயே அறிவித்தாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் முடிவு வந்தது. மூன்று முறை படித்துப் பார்த்தாள்.

போஸ்டர் ஒட்டிய நாலு கடையிலும் ஒண்ணே முக்கால் கிராமுக்குக் குறையவில்லை.

புரோகோபிஸ் கடையில், முக்கால் கிராம்.

மத்தியானம், கடை சாத்தியிருந்த நேரத்தில் பின்கதவைத் தட்டினாள். மாவு பிசையும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த புரோகோபிஸ் கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"யாருக்காவது காட்டினியா?"

"இல்லண்ணே. ஏதோ தப்பு நடந்திருக்குன்னு நினைச்சுத்தான் நேரா இங்க வந்தேன்."

"தப்பெல்லாம் இல்ல. உக்காரு." அவரும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். "என் பொண்டாட்டி ஸோயிக்குக் கை கால் இழுத்துக்கிட்டப்ப நீதானே வந்து நடக்க வெச்ச. உப்பைக் குறைக்கச் சொன்னாரு டாக்டர். அவளுக்கு மட்டும் தனியா சுட்டேன். அப்புறம் ஒருநாள் தோணுச்சு. வரிசையில நிக்கிறவங்களும் என் கை ரொட்டியைத்தானே தின்னுறாங்க? வாரத்துக்கு ஒரு சிட்டிகையா குறைச்சேன். ரெண்டு வருஷம். ஒருத்தனுக்கும் தெரியல."

"அப்புறம் ஏண்ணே என்னை அந்த விரட்டு விரட்டினீங்க?"

"சரின்னு தலையாட்டியிருந்தா மறுநாளே 'சப்புனு இருக்கு'ன்னு ஆரம்பிச்சிருப்பானுங்க. உன் போஸ்டர் ஒட்டினவன் கடைக்குப் போயிருப்பானுங்க. அங்க எவ்வளவு உப்புன்னு உனக்கே தெரியுமே."

அந்தூலா காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் பேசும் கடைசிக் கூட்டத்தில் எதிர் வேட்பாளர் ஹரிலாவோஸ் ஒரு ரொட்டியோடு மேடை ஏறினார். பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"ஆஹா! புரோகோபிஸ் கடை ரொட்டி! உப்புன்னா இதுதான் உப்பு! பிரஸ்ஸல்ஸ்ல, ஐரோப்பிய ஒன்றியத்து ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன் சொன்னான்னு இதை விட்டுக் குடுக்கணுமா?"

கைதட்டல் அடங்கவே இல்லை.

"அந்தூலாம்மா, ஏதோ முடிவு வாசிக்கிறேன்னீங்களே. வாசிங்க, கேப்போம்!"

காகிதம் அவள் பையில்தான் இருந்தது. எடுத்து வாசித்தால் ஹரிலாவோஸின் வாயில் இருக்கும் ரொட்டியே அவரைக் கவிழ்த்துவிடும். நாலு கடையை மட்டும் வாசித்தால் ஐந்தாவது எங்கே என்று கேட்பார்கள். மூன்றாவது வரிசையில் புரோகோபிஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"முடிவு இன்னும் வரலை" என்றாள் அந்தூலா.

"வராது, வராது!" கூட்டம் ஊளையிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள்.

நாலு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் புரோகோபிஸ் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"என்னால உனக்குப் போச்சு."

"விடுங்கண்ணே. ஸோயி அக்கா நடக்கிறாங்களா?"

"சந்தை வரைக்கும் போறா." கொஞ்சம் தயங்கினார். "சனிக்கிழமை காலையில கடைக்கு வர்றியா? கூட்டம் இருக்கும்."

"எதுக்கு? இன்னும் என்னைப் பாத்துச் சிரிக்கிறதுக்கா?"

"அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை குறைக்கலாம்னு இருக்கேன். நீ வந்து சண்டை போட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் எவனுக்கும் சந்தேகம் வராது."

சனிக்கிழமை காலை. கடை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை வரிசை. அந்தூலா இடுப்பில் கைவைத்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினாள்:

"ஏண்ணே, இந்த ஊரையே ஊறுகாய் போடாம விடமாட்டீங்களா?"