பழைய சிப்பில் ஒரு சோதனை

“ஒன்பதாவதோட நின்னவளுக்கு ஓவர்ஃப்ளோ பத்தி என்னம்மா தெரியும்?” என்று பொறியாளர் தயாபரன் ஒருமுறை என்னிடம் கேட்டார். சோதனைக்கூடமே சிரித்தது. நான் குனிந்து இதய பம்புகளை அடுக்கினேன்.

வீட்டுக்கு ஒருவர் நெஞ்சிலாவது பம்ப் ஓடும் காலம் இது. அது வைத்த நாளிலிருந்து ஓடிய மணிகளை எண்ணும் புது நிரல் அவருடையது. எண் அளவு மீறினால், அதாவது ஓவர்ஃப்ளோ ஆனால், என்ன ஆகும் என்று அறுபத்துநான்கு பிட் சிப்பில் மட்டும் சோதித்தார். சின்ன எண்களையே தாங்கும் பழைய பதினாறு பிட் சிப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மாற்றி மாட்டச் சோம்பல். அதற்கு அவர் வைத்த பெயர் அனுபவம். போன வாரம் நிரல் எல்லா நெஞ்சுக்கும் போய்விட்டது.

இன்று பழைய பம்ப் ஒன்றை நானே மாட்டி, கடிகாரத்தை வேகமாக ஓட்டினேன். 32,767 மணி வரை ஓடியது. அடுத்த மணியில் எண் மைனஸாகி, பம்ப் நின்றது.

“சார், மூணே முக்கால் வருஷத்துல நிக்குது.”

“பழசு வெச்சவனெல்லாம் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான், போம்மா” என்று டீயை உறிஞ்சினார்.

“உங்கப்பாவுக்கு ஆபீஸ் சலுகையில கொடுத்தது பழசுதானே, சார்? எப்ப வெச்சாங்க?”

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பாதியில் விரல் நின்றது. டீயை அப்படியே வைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடினார்.