மான் தின்ற வரைபடம்

"அலாமாக்! புவனேசா, மான் உன் மேப்பைத் தின்னுதுடா!"

ஷீலா கத்தி முடிப்பதற்குள் நாரா பூங்காவின் மான் பாதி வரைபடத்தை விழுங்கிவிட்டது. பிஸ்கட்டைக் காட்டினால் மான் தலை வணங்குமாம். ஆசையாகக் காட்டப் போன புவனேசன், கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்து விழித்தான்.

"சிரிக்காதலா! யோகேந்திரன் சார் மத்தவங்களோட முன்னாலேயே போயிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல புத்தர் கோயிலைச் சாத்திடுவாங்க. இப்ப எப்படிப் போறது?"

"மேப் எதுக்குடா? நம்ம தேவகி இருக்காளே!"

மலேசியாவின் கெடாவிலிருந்து ஜப்பானுக்குப் பள்ளிப் பயணம் என்றதும், நாராவையும் சேர்க்க வேண்டும் என்று சாரிடம் அடம்பிடித்தவள் தேவகிதான். அந்தப் பெரிய புத்தரைப் பார்க்க ஒரு வருஷமாகத் தவம் கிடக்கிறாள். நாளை ஃபூஜி மலைக்குப் பேருந்து புறப்பட்டுவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"பதறாதீங்க. கல் விளக்கு வரிசை தெரியுதா?"

"தெரியுது! எல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கு."

"அதை ஒட்டியே நடங்க. ஷீலா, கடைப்பக்கம் திரும்பாதே!"

"நான் திரும்பினது உனக்கு எப்படிடி தெரிஞ்சது?"

"உன்னை ஒண்ணாம் வகுப்புலேருந்து பார்க்கிறேன். செபாட் செபாட்! வேகமா நட!"

தேவகி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். படித்துப் படித்து மனப்பாடமான பாதை உள்ளே விரிந்தது.

"மேட்டுல மர மண்டபம் இருக்கும். அது பக்கத்துல கல்படி. இறங்கினா பெரிய கூரைதான்!"

"முட்டி கழண்டுடும் போல இருக்கு தேவகி," புவனேசனுக்கு மூச்சு வாங்கியது.

"நம்ம ஊர்ல மாட்டைப் பார்த்தா ஓடுவியே, அதே ஓட்டம் ஓடு!"

"கூரை தெரியுது!" ஷீலா வீறிட்டாள். "ஐயோ, கதவுகிட்ட காவலர் வந்துட்டாருடி!"

"கையை ஆட்டிக்கிட்டே ஓடுங்க! நிக்காதீங்க!"

தடதடவென்று காலடிகள். ஷீலா யாரிடமோ கெஞ்சும் குரல். பிறகு சத்தமே இல்லை.

"தேவகி... பாருடி!"

கரிய வெண்கல முகம். பாதி மூடிய கண்கள். தேவகியின் கன்னத்தில் கண்ணீர் தானாக வழிந்தது.

"எவ்வளவு பெருசு!" என்று முணுமுணுத்தாள்.

"தேவகி! மழை வருது, துணியை எடு!" சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

பதினாறு வயதாகியும் குடியுரிமை வராததால் பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் போன அந்த வழிகாட்டி, கைப்பேசி வீடியோ அழைப்பில் தெரிந்த புத்தரை இரு கைகளிலும் ஏந்தியபடியே கெடாவின் சிடாம் கிரி ஊரிலுள்ள தன் வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.