சொன்னது சொன்னபடி

"முட்டி குத்துதாம்மா, குடையுதா, இல்ல எரியுதா?"

கேட்டது டாக்டர். தமிழில் சொன்னது அவள்.

டாக்டரும் நோயாளியும் மருத்துவமனை அறையில் எதிரெதிரே இருந்தார்கள். அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொலைபேசி வழியாக இருவருக்கும் நடுவில் இருந்தாள். ஆங்கிலம் பேசும் அந்த வெளிநாட்டு ஊரில், அந்த மொழி தெரியாத தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பதுதான் அவள் வேலை.

"குடையுதுன்னு சொல்லு தங்கம். படுத்தா போதும், உள்ள ஒருத்தன் உக்காந்து மரம் இழைக்கிறான்."

நோயாளி ஒரு தையல்காரம்மா. ஆயுசு பூராவும் மெஷினை மிதித்த கால்.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மரம் இழைக்கிறவனையும் விட்டுவிடவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்த விதி அது. சொன்னது சொன்னபடி. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அறையில் யார் எதைப் பேசினாலும், டாக்டரைத் திட்டினாலும்கூட, அது அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும்.

வெறும் பெயின் என்றால் டாக்டர்களுக்குப் போதாது. குடைந்தால் ஏக். சுருக்கென்றால் ஷார்ப். விண்விண்ணென்று தெறித்தால் த்ராபிங். காந்தினால் பர்னிங். யார் என்ன வலியோடு வந்தாலும் அதற்கு ஓர் ஆங்கிலச் சொல் அவள் கைவசம் இருந்தது.

தன்னுடையதற்குத்தான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

காலையிலிருந்து இடது தோள் கனத்தது. நெஞ்சுக்கு நடுவில் ஏதோ அழுத்தியது. வேலைக்குக் கிளம்பிய கணவனிடம், "ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள்.

"வாயுவா இருக்கும். வெந்நீர் குடி."

குடித்தாள். 'ஒரு மாதிரி' என்றால் எந்த மாதிரி என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் முன் வேண்டிக்கொள்வதுபோல, 'ஆண்டவா, என் வாய்ச்சொல்லால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியதே இல்லை.

முட்டிக்குள் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். லேசாக டிஸ்கம்ஃபர்ட் இருக்கும் என்றார்.

டாக்டர்கள் டிஸ்கம்ஃபர்ட் என்றால் உயிர் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கூட்டிச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை.

"லேசா... சங்கடமா இருக்கும்மா."

"என் விரல்ல ஏறாத ஊசியா? போடச் சொல்லு."

ஊசி போட்ட பிறகு செய்ய வேண்டியதை டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். அவள் தமிழில் தொடங்கினாள். பாதியில் மூச்சு நின்று நின்று வந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது.

"அன்னைக்குப் பூராவும்... மெஷின்... மிதிக்க..."

தையல்காரம்மா பேச்சை அறுத்தார்.

"ஊசி கிடக்கட்டும். உனக்கு என்ன ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க வலிக்குது, சொல்லு."

விதி விதிதான். அவள் அதையும் டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் திகைத்துப்போய், தனக்கு ஒன்றும் இல்லையே என்றார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"இந்தாளை யாரு கேட்டா! உன்னைத்தான் கேக்குறேன், நடுவுல இருக்கிற பொண்ணே!"

அதையும் சொன்னாள், 'இந்தாளை' உட்பட.

தொலைபேசியில் வரும் குரலை ஒரு குழாய்போல் நினைத்துப் பழகிய டாக்டர், முதல் முறையாக அந்தக் குரலிடமே கேட்டார். வலி எங்கே இருக்கிறது? எப்படி இருக்கிறது?

நெஞ்சு, தோள், இப்போது தாடையும் என்றாள். எப்படி என்பதற்கு, தெரிந்த அத்தனை சொற்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"பெயின்" என்றாள்.

டாக்டர் முகவரியைக் கேட்டார். யாரையோ கூப்பிட்டு, அந்த முகவரிக்கு உடனே ஆம்புலன்ஸ் அனுப்ப ஏற்பாடு செய்யச் சொன்னார். வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். அவள் ஹெட்போனைக் கழற்றாமலே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"என் முட்டி எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல இந்தப் பொண்ணைக் கவனிக்கச் சொல்லு அவரை" என்றார் தையல்காரம்மா.

சொன்னாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படபடப்பில் இருந்தார். நாற்காலியை இழுத்துத் தையல்காரம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் எடுத்து வைத்தாள்.

"இது மாரடைப்பு மாதிரி தெரியுது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்க அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே இருங்க. ஆனா விஷயத்தை மட்டும் சொல்லிடாதீங்க. பயந்துடும்."

தையல்காரம்மா தொண்டையைச் செருமிக்கொள்வது ஹெட்போனில் கேட்டது.

"சரிங்கன்னு சொல்லு தங்கம். அவகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்னு சொல்லு."

அவள் அதைப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.