அரைக் கிலோ

“அழிச்சுருடா. பத்து மணிக்கு முன்னாடி அந்த ஒரு லிஸ்ட்ட மட்டும் அழிச்சுரு. வேற எதுவும் உன்கிட்ட கேக்கல.”

ஹஸ்ஸான் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனாலும் பேகம்பூரில் அவர் நடத்தும் அந்தச் சின்ன ஜிம்மில், கண்ணாடி முன்னால் தம்புள்ஸ் தூக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாண்டியராஜ் செல்போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். “அது முடியாது பாய். வேற எதுனாலும் சொல்லுங்க, செய்யிறேன்.”

சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது நாற்பது.

ஊரில் உள்ள ஆறு ஜிம்களுக்குள் மூன்று மாதப் போட்டி. ஜிம்முக்கு நாலு பேர். அவரவர் தூக்கும் எடையைத் தினமும் ஆப்பில் பதியவேண்டும். எந்த அணி அதிகம் முன்னேறியிருக்கிறதோ அதற்குத்தான் கோப்பை. இன்று பத்து மணியோடு கணக்கு முடிகிறது. பழனி ரோட்டில் ஏசி ஜிம் திறந்த நாளிலிருந்து ஹஸ்ஸானிடம் ஆள் கழன்றுகொண்டே இருந்தது. ஜெயித்தால் பேர் கிடைக்கும், புதிதாகப் பத்துப் பேர் தேடி வருவார்கள். இல்லையென்றால் ரம்ஜானோடு ஷட்டரை இறக்கிவிடுவதென்று வீட்டில் சொல்லியே விட்டார்.

அந்த ஆப்பை ஜிம்முக்குக் கொண்டுவந்ததே பாண்டியராஜ்தான். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். அதுவரை அட்டையில் கிறுக்கி வைத்திருந்த பயிற்சிகளையெல்லாம் நெஞ்சுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று பிரித்து அடுக்கி எல்லார் போனுக்கும் அனுப்பி வைத்தான். சேரும்போது படுத்தவாக்கில் நெஞ்சுக்கு மேல் இருபது கிலோ தூக்கவே நாக்குத் தள்ளியது அவனுக்கு. இப்போது எழுபது தூக்குகிறான். ஹஸ்ஸான் மலைபோல நம்பியிருந்ததே அவனைத்தான்.

அப்படியிருந்தும் ஏன் மூன்றாவது இடத்தில் நிற்கிறோம்? இன்று காலைதான் அப்துல் ஹக்கீம் ஆப்பைத் தோண்டித் துருவிக் கண்டுபிடித்தான். ஹக்கீமும் அதே அணிதான். பாண்டியராஜின் பெயரில் ‘வீடு’ என்று தனியாக ஒரு பட்டியல் இருந்தது. தினமும் ஆறு தடவை தூக்குவது, பதினைந்து அடி நடப்பது, இறக்குவது. எடை மட்டும் வாரா வாரம் சரிந்துகொண்டே வந்தது. அணிக் கணக்கில் சேர்ந்து மொத்த அணியையும் அது கீழே இழுத்திருந்தது.

“அம்பத்தாறுல ஆரம்பிச்சிருக்கான் பாய்,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான் ஹக்கீம். “அம்பத்திமூணு, நாப்பத்தொம்பது, நாப்பத்தஞ்சு… நேத்து நாப்பத்திரண்டு. ஊரே ஏத்துது, இவன் எறக்குறான். ஏசி ஜிம்காரன் அனுப்புன ஆளோ என்னமோ!”

“ஏலே, வாய மூடு!”

ஹக்கீமை அதட்டினாரே தவிர, அந்தச் சந்தேகம் ஹஸ்ஸானையும் முள்ளாகக் குத்தியது. பாண்டியராஜ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வீட்டு விஷயம் ஒரு வார்த்தை பேசமாட்டான். முதல் நாள் கேட்டதே விசித்திரமாகத்தான் இருந்தது. வருகிறவன் எல்லாம் ஆர்ம்ஸ் வேண்டும், சிக்ஸ் பேக் வேண்டும் என்பான். இவனோ, “குலுங்காமத் தூக்கணும் பாய். எறக்கி வைக்கிறப்ப சத்தம் வரக்கூடாது. அத மட்டும் சொல்லிக் குடுங்க” என்றான்.

“வீட்ல என்ன வெயிட்டுடா வச்சிருக்க? யாரு போடச் சொன்னா இந்த லிஸ்ட்ட?”

“யாரும் சொல்லல பாய். நானாத்தேன் எழுதுறேன். அதுல எடை ஏற எறங்க ஒரு கோடு வரும்ல, அதப் பாக்காம எனக்குத் தூக்கமே வராது.”

“கோடு பாதாளத்துக்குல்ல போகுது!”

“இன்னைக்குக் கூடியிருக்கு பாய்!” சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. “காலைல பாத்தேன். அரைக் கிலோ கூடியிருக்கு!”

ஹக்கீம் சிரித்தே விட்டான். ஹஸ்ஸானுக்கு ரத்தம் தலைக்கேறியது. அரைக் கிலோவாம்! இந்த ஜிம்மில் அரைக் கிலோ பிளேட்டே கிடையாது. என் பிழைப்பு போகப் போகிறது, இவனுக்கு விளையாட்டாக இருக்கிறது.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

“குடுறா இங்க!”

போனை வெடுக்கென்று பிடுங்கினார். தட்டுத் தடுமாறி ‘வீடு’ பட்டியலைத் தேடி அமுக்கினார். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது ஆப். ஹஸ்ஸான் விரலை நீட்டினார்.

அந்த மணிக்கட்டைப் பாண்டியராஜ் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

“விடுடா. இரும்பு தூக்குன கணக்கு போனா என்னடா போச்சு?”

“அது இரும்பு இல்ல பாய், என் வீட்டுக்காரி.” “கட்டில்லேருந்து பாத்ரூமுக்கு நாந்தேன் தூக்கிட்டுப் போகணும். காலைல மட்டும் அவளத் தூக்கிக்கிட்டே எடை மெஷின்ல ஏறி, என் எடையக் கழிச்சு எழுதி வைப்பேன். அவ படுக்கையில விழுந்து நாலு மாசமாச்சு, இன்னைக்குத்தேன் பாய் மொதத் தடவையா எடை ஏறியிருக்கு!”