சாந்தம்மாள் கேட்ட நஷ்டஈடு

"கேஸ் நிக்காதுன்னு தலைதலையா அடிச்சுக்கறேன். நீ ஆட்டைப் பிடிச்சதை யாரும் பாக்கல, சந்தையில வித்ததுக்கும் சாட்சி இல்ல. அப்புறம் எதுக்குய்யா ஒத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறே?"

இலவச சட்ட உதவி வக்கீல் பிரியதர்ஷினிக்குச் சலித்துப்போயிருந்தது.

ராஜ்குமார் கோர்ட் வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றிருந்தான். ஜெயிலிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஜவ்வாது மலையில் இருக்கும் அவன் ஊரிலிருந்து ஒரு ஆள்கூட இறங்கி வரவில்லை.

"ஆட்டை எடுத்தது நான்தாங்க மேடம். கேஸ் நடத்துனா இழுத்துக்கினே போவும்னு நீங்களே சொன்னீங்க. வூட்ல அவ ஒண்டியா கீறா. நிறைமாசம் வேற."

இதற்கு மேல் என்ன பேசுவது? குற்றத்தை ஒத்துக்கொண்டு, பேசி முடித்துக்கொள்ளும் மனுவைப் போட்டிருந்தாள் பிரியதர்ஷினி. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டைப் பறிகொடுத்தவளும் சம்மதிக்க வேண்டும். அவளுக்கு என்ன ஈடு என்று முடிவானால்தான் தண்டனை குறையும், ராஜ்குமார் இன்றைக்கே வீடு போய்ச் சேரலாம்.

பறிகொடுத்தவள் சாந்தம்மாள். அதே ஊர்க்காரிதான். ஒரு கட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராஜ்குமார் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

நீதிபதி அறையில் பேச்சு தொடங்கியது.

"ரெண்டு ஆட்டுக்கு ரெண்டு ஆடா குடுத்துடறேங்கறார். சம்மதமாம்மா?" என்று கேட்டாள் பிரியதர்ஷினி.

"ஆடு வேணாம்."

"சரி, பணமா தரச் சொல்லட்டா?"

"பணமும் வேணாங்க."

"வேற இன்னாதான்மா வேணும்?" என்றார் அரசு வக்கீல்.

"இவன் என் வூட்டு வாசல்ல வந்து உக்காரணும். ஊரு மொத்தமும் நிக்கும். எல்லார் முன்னாடியும் நான்தான் ஆட்டை எடுத்தேன்னு சொல்லிட்டு, என் கையால சோறு வாங்கித் துன்னணும். அதுவும் இன்னிக்கே."

அரசு வக்கீல் சிரித்துவிட்டார். பிரியதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மனுஷனை வாசல்ல உக்கார வச்சு அசிங்கப்படுத்தறதுக்குப் பேரு நஷ்டஈடா? அதான் ஜெயில்ல கிடந்தாச்சே. இன்னும் இன்னாம்மா வெறி உங்களுக்கு? அவர் சம்சாரம் வாயும் வயிறுமா இருக்கறதாவது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிக் கேக்கறீங்க?"

சாந்தம்மாள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். ராஜ்குமார் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது பிரியதர்ஷினிக்கு.

"நீ இதுக்கெல்லாம் ஒத்துக்காதே. மனுவை வாபஸ் வாங்கிடலாம். எத்தனை நாள் ஆனாலும் கேஸை நடத்தி நான் உன்னை வெளிய கொண்டு வர்றேன்."

"வேணாங்க மேடம். சாந்தம்மா அத்தை சொல்றபடியே செய்றேன்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார்.

"இதையெல்லாம் உத்தரவுல எழுத முடியாதும்மா. ஒருத்தரை ஊரறிய அவமானப்படுத்தச் சட்டத்துல இடமில்ல. எதுக்கு இப்படி ஒரு பிடிவாதம்?"

சாந்தம்மாள் எழுந்து நின்றாள்.

"திருட்டுக் கேஸ்ல போனவன் குடும்பத்தை எங்க ஊர்ல தள்ளி வச்சிடுவாங்க, ஐயா. யாரும் பேச மாட்டாங்க, நல்லது கெட்டதுக்கு வூட்டுப் படி ஏற மாட்டாங்க. நீங்க விட்டாலும் ஊரு விடாது. இவனே குத்தத்தை ஒத்துக்கிட்டு, பறிகுடுத்தவ கையால துன்னாத்தான் திரும்பச் சேத்துப்பாங்க."

"அதுக்கு இன்னிக்கே ஆகணுமா?"

"நேத்து இவன் பொஞ்சாதிக்கு இடுப்பு வலி கண்டுச்சு. ரோட்டுல நின்னு கைகாட்டினா, ஊரு ஜீப்பு ஒண்ணுகூட நிக்கல. நல்லவேளை, அது பொய்வலி. நான்தான் கொல்லைப்பக்கமா பூந்து, திருடி மாதிரி கஞ்சி குடுத்துட்டு வந்தேன்."

கையிலிருந்த பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"அரிசி பருப்பெல்லாம் வாங்கிட்டேன். பொழுதோட அனுப்புங்க ஐயா. இவன் துன்னு எழுந்தான்னா, ராத்திரி அவளுக்கு வலி வந்தாக்கூட ஜீப்பு நிக்கும்."